பவளத்துக்குச் சீர்

காலைக் கொஞ்சம் இப்படி நகத்தி வெச்சுக்குங்க்கா. அந்தப் பைக்குள்ள இருக்கறது குத்திப்போடும். பயப்படறதுக்கு ஒண்ணுமில்லீங்க, சீப்புதான். இரும்புச் சீப்பு. என் தலைக்கு இல்லீங்க, என் தலையில எங்க அத்தனை மயிர் இருக்குது? குதிரைக்கு.

சிரிக்காதீங்க. எனக்குக் குதிரைன்னாலே ஆகாது. அதை முதல்லயே சொல்லிப்போடறேன், அப்புறம் நீங்க தப்பா நெனைச்சுக்கக் கூடாது பாருங்க. இந்தாங்க, பிஸ்கட் எடுத்துக்குங்க. மெட்ராசுல வாங்குனது. கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்கும், கடவாயில ஒதுக்கி மெல்லுங்க. ஓட்ஸும் வெல்லமும் போட்டதுன்னு கடைக்காரப் புள்ளை சொல்லுச்சு.

என் பேரு சாமியாத்தாளுங்க. கவுந்தப்பாடிக்குப் பக்கம் தோட்டம். ஈரோட்டுல எறங்கி பஸ் புடிக்கணும். நீங்களும் ஈரோடுதானுங்களா? அப்பச் சரி, சேலம் தாண்டியும் பேசிட்டுப் போலாம். நடுநடுவுல நான் போனை எடுத்து எடுத்துப் பாப்பேன், அதைக் கண்டுக்காதீங்க. எங்க ஊட்டுக்காரரு கூப்பிடணும். காலையில இருந்து நான் கூப்பிடறேன், எடுக்கவே மாட்டீங்கறாரு.

அவரு பேரு சென்னியப்பன். நல்ல மனுசன்தானுங்க. போன ஆடியில அந்தியூர் குருநாதசாமி நொம்பிக்கு, அதான் திருவிழாவுக்குப் போனாரு. அங்க மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் பெருசாக் கூடும். கறவைக்கு இன்னொரு எருமை வாங்கிட்டு வாங்கன்னு தாட்டி விட்டேன். பொழுதெறங்க வர்றாரு, பின்னால எருமையக் காணோம். செவச்செவன்னு ஒரு குதிரை நிக்குது. எருமை எங்கைன்னு கேட்டா, நல்ல எருமையே வரலை புள்ளைங்கறாரு. எருமை வரலைன்னா வெறுங்கையோட வரணுமில்லீங்களா? கத்திரிக்கா இல்லைன்னா தேரையா இழுத்துட்டு வருவாங்க? பேரும் அவரே வெச்சுட்டாரு, பவளம்னு. பத்து வருசமா ஒரு பவள மாலை கேட்டுட்டு இருந்தனுங்க. கேட்டதை வாங்கியாந்துட்டேன்னு சொல்லிட்டுச் சிரிக்கறாரு.

நானும் லேசுப்பட்டவ இல்லை. எங்கப்பா வெள்ளியம்பதி மாரப்பன், மாட்டுத் தரகர். சந்தைக்குப் போயிப் போயி எனக்கும் சுழி பாக்கறது பழகிப்போச்சு. நம்ம உச்சந்தலையில மயிர் சுத்தியிருக்குமில்லீங்களா, அதே மாதிரி மாட்டுக்கும் குதிரைக்கும் ஒடம்புல அங்கங்க சுத்தியிருக்கும். அது இருக்கற எடத்தை வெச்சுத்தான் ஊட்டுக்கு ஆகும், ஆகாதுன்னு சொல்றது. சுழி தப்புன்னு ஒரு பேச்சுக் கெளம்பிருச்சுன்னா, அப்புறம் தங்கத்துல லாடம் அடிச்சுக் குடுத்தாலும் ஒருத்தனும் கிட்ட வரமாட்டான். எங்கப்பா சாகற வரைக்கும் இருக்கற சுழியை மறைச்சதுமில்லை, இல்லாத சுழியைச் சொன்னதுமில்லை. மாரப்பன் சொன்னாப் பத்திரத்துல எழுதுன மாதிரின்னு இன்னிக்கும் சந்தையில சொல்லுவாங்க.

அதனால நான் என்ன பண்ணுனேன், அடுத்த நாள் விடிஞ்சதும் அந்தக் குதிரையை வேப்பமரத்துல கட்டிப்போட்டுக் காதுல இருந்து வாலு வரைக்கும் தேடுனேன். ஒரே ஒரு தப்புச் சுழி கெடைச்சாப் போதும், திருப்பிக் குடுத்துட்டு எருமையக் கொண்டாந்துரலாம். வயித்துக்கு அடியில குனிஞ்சும் பாத்தேன். ஒண்ணுமே இல்லீங்க்கா. நெத்தியில ஒண்ணு, கழுத்துல ஒண்ணு, ரெண்டும் ராசியான சுழி. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை.

அது பண்ற அக்குறும்பைக் கேளுங்க. காயப் போட்ட கொள்ளைத் திங்கும். அது போச்சாது, கொள்ளு குதிரைக்குத்தானே. என் கொண்டையில இருக்கற பூவைத் தின்னா என்ன நாயம்? கனகாம்பரம் வெச்சாத் தொடாது, மல்லி வெச்சாத்தான் திங்கும். அதனால இப்ப ரெண்டு மொழம் வாங்கறேன், எனக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணு. வேற என்ன பண்றது? அவரு தண்ணி வெச்சாக் குடிக்காது, நான் வெச்சாத்தான் குடிக்கும். நான் பால் ஊத்தப் போனா சொசைட்டி வரைக்கும் பின்னாலயே வந்து, வரிசையில எனக்குப் பின்னால நிக்கும். ஊரே சிரிக்குது. மானம் போகுதேன்னு நானும் வெள்ளனவே போயிப் பாத்தேன், அதுக்கு முன்னாலயே அது வாசல்ல வந்து நிக்குது.

வாங்குன மனுசன் அது மேல ஏறுனாரான்னு கேளுங்க. ஒரே ஒருக்கா. அதுவும் நான் தலையப் புடிச்சுட்டு நிக்கணும்னாரு, நின்னேன். ஏறி உக்காந்ததும் அது நேராக் கட்டுத்தறிக்குப் போயித் தலையைத் தொங்கப் போட்டுட்டு நின்னுபோச்சு. அவருக்கு எறங்கத் தெரியலை. அரை மணி நேரம் மேலயே உக்காந்து பேப்பர் படிச்சாரு. நான்தான் ஏணியைக் கொண்டு போயி எறக்குனேன்.

பொறுத்துப் பொறுத்துப் பாத்தனுங்க. பொங்கல் கழிஞ்சு எங்க பெரிய மாமன் ஊட்டுக் கல்யாணப் பத்திரிகையை அது தின்னுபோட்டுது. தேதி சரியா நெனப்பில்லாம நாங்க ஒரு நாள் பிந்திப் போயி, பட்டுச்சேலையும் கட்டிட்டுப் பந்தல் பிரிக்கறவங்களைப் பாத்துட்டு வந்தோம். பந்தல்காரன் எங்களைச் சமையல்காரங்கன்னு நெனைச்சுக் கரண்டி எங்கைன்னு கேட்டானுங்க. அன்னிக்குச் சொல்லிப்போட்டேன், இந்த ஊட்டுல நானா, அதுவான்னு முடிவு பண்ணிக்குங்கன்னு. நான் மெட்ராசுல மக ஊட்டுல பத்து நாள் இருந்துட்டு வர்றேன், திரும்பி வர்றப்ப அது கட்டுத்தறியில இருக்கக் கூடாதுன்னுட்டேன். மூலனூர்ல ஒருத்தரு கேட்டுட்டு இருந்தாரு. அவரை வரச் சொல்லி நாளும் நான்தான் குறிச்சேன். இன்னிக்குத்தானுங்க, வியாழக்கிழமை. நாளைக்கு வெள்ளிக்கிழமை, வாயில்லாச் சீவனை வெள்ளிக்கிழமை படி தாண்டி அனுப்ப மாட்டோம். போனா இன்னிக்கே போகணும்.

அவரு ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை. செரி புள்ளைன்னு மட்டும் சொன்னாரு. எதுத்துப் பேசியிருந்தாத் தேவலைங்க.

செரி, மெட்ராசுக்கு வந்தேன். மக தாரணி ஒரு கணக்குப் போட்டு வெச்சிருந்தா, ஒரு நாள் சேலைக்கடை, ஒரு நாள் கோயில், ஒரு நாள் கடல்னு. கடலுக்குத்தான் முதல்ல போனோம். அலையில காலை நனைம்மாங்கறா. எனக்குக் கண்ணு வேற பக்கம் போயிருச்சு. அங்க ஒருத்தரு குதிரையில ஆளை ஏத்தி ஒரு சுத்துச் சுத்திட்டு வர்றாரு. அந்தக் குதிரைக்கு விலா எலும்பை எண்ணிப்போடலாம், குளம்பு காஞ்சு வெடிச்சிருக்குது. கிட்டப் போயி, ஏனுங்க, உப்புத் தண்ணியில நின்ன காலை நல்ல தண்ணி ஊத்திக் கழுவிட்டு வெளக்கெண்ணெய் தடவ மாட்டீங்களான்னு கேட்டேன். அந்த ஆளு பாவம், சண்டைக்கு வந்திருக்கேன்னு பயந்துட்டாரு. அப்புறம் ரெண்டு பேரும் மணல்ல உக்காந்து ஒரு மணி நேரம் பேசுனோம். கொள்ளை எத்தனை நேரம் ஊற வெக்கணும்னுகூட அவருக்குத் தெரியலைங்க. கடலை நான் பாக்கவே இல்லைன்னு தாரணி இன்னும் சொல்லிக் காமிக்கறா. கடலு அங்கதானே இருக்கப் போவுது.

அன்னைக்குத்தான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. நாம ஒரு பொண்ணைக் கட்டிக் குடுத்தா வெறுங்கழுத்தோடயா அனுப்பறோம்? தட்டுல சீர் வெச்சுத்தானே அனுப்பறோம். பவளம் பழைய கயித்தோட மூலனூர் போயி நின்னா, அங்க இருக்கற குதிரைக எல்லாம் என்ன நெனைக்கும்? எங்க குடும்பத்தைப் பத்தி மூலனூர்க்காரரு என்ன பேசுவாரு? கவுரவம்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா. அதுக்காகத்தான், வேற ஒண்ணுக்கும் இல்லை. மாப்பிள்ளை, இந்த ஊர்ல குதிரைச் சாமான் விக்கற கடை இருக்குதான்னு உங்க போன்ல பாருங்கன்னேன். அவரு தங்கமான மாப்பிள்ளை. ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்கலை, தாரணிதான் தலையில கைய வெச்சுட்டு உக்காந்துட்டா.

கடையைப் பாக்கணுமே நீங்க. உள்ளார குளுகுளுன்னு இருக்குது, நகைக்கடையாட்ட. குதிரைக்கு ஷாம்புங்க்கா. நான் சீயக்காய் தேய்க்கறேன், இவங்க வாசனை பாத்து ஷாம்பு தேய்க்கறாங்க. ஈ மொய்க்காம இருக்கக் காதுக்குக் குல்லா, ரெண்டு காதுக்கும் தனித்தனியா ஓட்டை வெச்சு, ஊதாக் கலர்ல. அதை ஒண்ணு எடுத்தேன். கழுத்துக்கு ஒரு பட்டை, இந்தச் சீப்பு, அப்புறம் பிஸ்கட்டு. ஆமாங்க, நீங்க இப்பத் தின்னீங்களே, அதேதான். என்னங்க்கா, பொறையேறுதா? தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க. அதுல ஒரு கெடுதலும் இல்லீங்க. நானும் காட்பாடியில நாலு தின்னேன், பாருங்க, கல்லாட்ட உக்காந்திருக்கறேன்.

வெலை பேசற எடத்துலதான் கூத்தாப் போச்சு. சந்தையில வெலையை வாயில சொல்ல மாட்டாங்க. கைமேல துண்டைப் போட்டு மூடி, உள்ளார விரலைப் புடிச்சுத்தான் பேசுவாங்க. எத்தனை விரலோ அத்தனை ஆயிரம்னு வெச்சுக்குங்க. சுத்தி நிக்கறவனுக்குத் தெரியக் கூடாதில்லை. கடையில அன்னிக்குப் பூட்சு வாங்க ஒரு ஆளு நின்னுட்டு இருந்தாரு. அவரு காதுல விழுகற மாதிரி நான் எப்படிக் கேக்கறது? சாமான் விக்கற புள்ளை சின்னப் பொண்ணு, பேண்டு போட்டுட்டு லட்சணமா இருந்துச்சு. அது கையை இழுத்து என் முந்தானையைப் போட்டு மூடி, மூணு விரலைப் புடிச்சேன். அந்தப் புள்ளை அப்படியே அசையாம நின்னுபோச்சு. அப்புறம் மெதுவா, “மூணு வருஷமா ஆன்ட்டி?”ன்னு கேக்குது. கண்ணெல்லாம் கலங்கிருச்சு. நான் அதுக்குக் கல்யாணம் எப்ப ஆகும்னு கைய வெச்சுக் குறி சொல்றதா நெனைச்சுட்டுது பாருங்க. அது அழுவற மாதிரி நிக்கறதைப் பாத்து எனக்கே பாவமாப் போச்சு. செரின்னு ரெண்டு விரலாக் கொறைச்சேன். அதுக்கு வந்ததே ஒரு சிரிப்பு. அந்தச் சந்தோசத்துல, நான் எடுத்து நீட்டுன ரெண்டாயிரத்துக்கே பில்லு போட்டுக் குடுத்துருச்சுங்க, ஒரு பொட்டணம் பிஸ்கட்டும் சும்மா வெச்சு. வெளிய வந்ததும் தாரணி என்னைத் திட்டுன திட்டு இருக்குதே. நான் என்ன பொய்யா சொன்னேன்? வாயையே தெறக்கலை.

ஞாயித்துக்கெழமை மாப்பிள்ளை என்னை ஊரைத் தாண்டிக் கடலோரமா இருக்கற ஒரு குதிரைப் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போனாரு. நான் கேக்கலை. ஒரு நாலஞ்சு தடவை பேச்சுவாக்குல சொல்லியிருப்பேன், அவ்வளவுதான். அங்க ஒரு அதிசயத்தைக் கேளுங்க. கம்ப்யூட்டர் வேலை பாக்கறவங்க காசு கட்டி வந்து குதிரையைத் தேய்ச்சு விடறாங்க, லாயத்தைக் கூட்டறாங்க, சாணி அள்றாங்க. மனசு லேசாகுமாம். நான் எட்டு மாசமா அள்றேன், எனக்கு இடுப்புத்தான் வலிக்குது. கண்ணாடி போட்ட ஒருத்தரு மயிரை எதுத்துத் தேய்ச்சுட்டு இருந்தாரு. பொறுக்க மாட்டாம சீப்பைப் புடுங்கி, இப்படிங்க கண்ணுன்னு காமிச்சேன். கொஞ்ச நேரத்துல பத்துப் பேரு என்னைச் சுத்தி நின்னுட்டாங்க. பண்ணைக்காரம்மா, மாசச் சம்பளத்துக்கு வர்றீங்களான்னு கேட்டாங்கன்னாப் பாத்துக்குங்க. எனக்குக் குதிரையே ஆகாதுங்கன்னு சொன்னேன். அந்தம்மா நம்பலை.

கடைசிக் கொட்டடியில ஒரு செவலைக் குதிரை நின்னுச்சு. அதே உசரம், அதே நெத்தி. நான் கொண்டையில இருந்து மல்லியை எடுத்து நீட்டுனேன். மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. அதுக்கு மல்லி புடிக்காது போல இருக்குது. அவ்வளவுதான் நடந்துது. நான் அந்த வைக்கப்போர்ல உக்காந்து அழுதுபோட்டனுங்க்கா. மெட்ராசு வெயிலு எனக்கு எப்பவுமே ஒத்துக்காது.

ஊட்டுக்கு வந்ததும் தாரணிகிட்ட நான் கெளம்பறேன்னுட்டேன். கோழிக்குத் தீனி வெக்க ஆளில்லைன்னேன். கோழிக்கா குதிரைக்கான்னு கேக்கறா. பெத்தவகிட்டப் பேசற பேச்சா அது? உடனே டிக்கெட் கெடைக்கலை, இன்னிக்குத்தான் கெடைச்சுது. இப்ப மணி ஒண்ணு ஆச்சு. மூலனூர்க்காரரு மத்தியானம் வர்றதாச் சொன்னது. நான் போயிச் சேர அஞ்சாகும். அதுக்குள்ள வண்டியில ஏத்திட்டாங்கன்னா இந்தச் சீரை நான் யாருக்குக் குடுக்கறது? அது ஒண்ணுதான் எனக்கு வெசனம். காதுக் குல்லாவை மாட்டி, பூ வெச்சு, நல்லபடியா அனுப்பிட்டா அப்புறம் எனக்கு ஒரு கவலையும் இல்லை. மொரப்பூர் தாண்டுனாத்தான் டவர் எடுக்கும்னு அந்த சன்னலோர சீட்டுத் தம்பி சொல்லுச்சு. தாண்டியாச்சுங்களா?

அடிக்குதுங்க. அவருதான்.

ஏனுங்க. ஆ, கேக்குது கேக்குது. காலையில இருந்து எங்க போனீங்க? வந்துட்டாரா மூலனூர்க்காரரு? பாத்துட்டாரா? புடிச்சிருக்குதாமா. புடிக்காம என்ன, அதைப் புடிக்காம எவனுக்குப் போகும். அச்சாரம் வாங்கிட்டீங்களா? இன்னும் இல்லையா. வாங்காதீங்க. இல்லீங்க, வேண்டாம்னு சொல்லலை, சித்தெ நேரம் வாங்காதீங்கன்னு சொல்றேன். அது என்ன பண்ணுது? வாசலையேவா பாத்துட்டு நிக்குது?

போனை அவருகிட்டக் குடுங்க. குடுங்கன்னா குடுங்க.

அக்கா, நீங்க காதைப் பொத்திக்குங்க. நான் இப்ப ஒண்ணு சொல்லப் போறேன்.

வணக்கமுங்க. நான் வெள்ளியம்பதி மாரப்பத் தரகர் மக பேசறேன். ஆமாங்க, அதே மாரப்பன்தானுங்க. அப்பாவைத் தெரியுமுங்களா? அப்பச் செரி. நம்பி வாங்க வந்த மனுசங்ககிட்ட மறைக்கக் கூடாது பாருங்க. அந்தக் குதிரைக்கு அடிவயித்துல ஒரு சுழி இருக்குதுங்க. ரொம்பச் சின்னதுங்க, குனிஞ்சு பாத்தாலும் லேசுல தெரியாது. ஊட்டுப் பொம்பளைக்கு ஆகாத சுழி. அது வந்ததுல இருந்து எனக்கு முட்டிவலி. கல்யாண விருந்துக்குப் போனா விருந்து கெடைக்க மாட்டேங்குது. எங்களோட போகட்டும், உங்க ஊட்டுலயும் பொம்பளைக இருப்பாங்கன்னுதான் சொல்றேன்.

என்னங்க? முதுகுலயா? இல்லீங்க, அடிவயித்துலதான். முதுகுல இருக்குதுன்னு உங்களுக்கு ஆரு சொன்னது?

அவரா?

எப்பச் சொன்னாரு? வந்ததும் வராததுமாவா? ஏறறவனுக்கு ஆகாத சுழியா. எட்டு மாசத்துல ஒருக்காத்தான் ஏறுனேன்னு சொன்னாரா. அது நெசந்தானுங்க. ஆமாங்க, அதுவும் இருக்குது, இதுவும் இருக்குது. ரெண்டு சுழிங்க. செரிங்க, நீங்க சொன்னாச் செரிதானுங்க. அய்யோ, கோவிச்சுக்கறதுக்கு என்ன இருக்குது, நல்லபடியாப் போயிட்டு வாங்க. காப்பித் தண்ணி குடிச்சீங்களா?

கேட்டீங்களாக்கா. மாரப்பன் மகளே சொன்னப்பறம் நான் எதுக்குக் குனிஞ்சு பாக்கறேங்கறாரு. மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு வெச்சிருக்கற குதிரையை நீங்களே வெச்சுக்குங்கன்னுட்டாரு. அதோட விடலீங்க, தெரியாத ஆளு யாரும் ஏமாந்துறக் கூடாதுன்னு சந்தையில நாலு பேருகிட்ட அவரே சொல்லி வெக்கறாராமா. நல்ல மனுசன்.

எங்கப்பன் பேரைக் கெடுத்துட்டனுங்க்கா. அறுவது வருசமா அவரு காப்பாத்துன பேரை ஒரு போன்ல தொலைச்சுட்டேன். தொலைஞ்சாத் தொலையுது, செத்த மனுசனுக்குப் பேரு எதுக்கு. ஆனா எங்க ஊட்டுக்காரரைப் பாருங்க. இத்தனை வருசம் கூடப் பொழச்சிருக்கறேன், இல்லாததைச் சொல்ற மனுசன்னு எனக்குத் தெரியவே இல்லை. வந்தவருகிட்ட முதல் பேச்சே பொய்யி. நான் வந்து கேட்டுக்கறேன். இருங்க, இன்னும் லைன்லதான் இருக்கறாரு.

ஏனுங்க, உங்களுக்கு வெக்கமா இல்லை? வாயில்லாச் சீவன் மேல அபாண்டம் சொல்லலாமுங்களா? இனி பதினெட்டு ஊர்லயும் அதை ஆருங்க வாங்குவாங்க? ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. சாகற வரைக்கும் நம்ம கட்டுத்தறியிலதான் கெடக்கணும், தெரியுமில்லை? தெரிஞ்சுதான் சொன்னீங்களா.

சிரிக்கறாருங்க்கா.

சிரிச்சது போதும். அது காதுகிட்ட போனை வெய்யுங்க. அட, வெய்யுங்க.

அக்கா, சித்தெ அந்தப் பக்கம் திரும்பிக்குங்களேன்.

ஏய் சனியனே. நான்தான். தண்ணி குடிச்சயா?